கேமராவைப் பையில் வைத்த பிறகுதான் ஆச்சி பேசினார்

செட்டிநாட்டுக் கானாடுகாத்தானில் ஓர் ஆச்சியைப் பேட்டி எடுக்கப் போன நாளிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் இந்தப் பேட்டி வீடியோ வேலையில் எனக்குத் தெரிந்ததில் பாதி அந்த ஒரு மத்தியானத்தில் தெரிந்துகொண்டதுதான். 2022, தை மாதம். ஆச்சிக்கு அப்போது 86 வயது. முகப்பைத் தாண்டி வளவுக்குள், அதாவது முற்றமும் அதைச் சுற்றிய தாழ்வாரமும் இருக்கிற பகுதிக்குள், நல்ல இடமாகப் பார்த்து, பர்மாத் தேக்குத் தூண் இரண்டு பின்னால் தெரிகிற மாதிரி நாற்காலி போட்டு, விளக்கு நிறுத்தி, மைக் மாட்டி, ஒன்றரை மணி நேரம் பேசவைத்தோம். "உங்க வீட்டோட வரலாறைச் சொல்லுங்க ஆச்சி" என்று கேட்டேன். அவரும் சொன்னார். தேக்கு பர்மாவிலிருந்து வந்தது, பளிங்கு இத்தாலியிலிருந்து வந்தது, கண்ணாடி பெல்ஜியத்திலிருந்து வந்தது, சுவருக்குச் சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கரு சேர்த்துப் பூசியது. எல்லாம் சரியான தகவல். ஆனால் காரைக்குடிக்குச் சுற்றுலா வருகிறவர்களுக்குச் சொல்லப்படுகிற அதே வரிசை, ஏறக்குறைய அதே சொற்கள். ஆச்சியின் குரல் இருந்தது, ஆச்சி அதில் இல்லை.

எல்லாவற்றையும் மூட்டை கட்டி வண்டியில் ஏற்றிவிட்டு, "சாப்பிடாமப் போகக் கூடாது" என்று அவர் சொன்னதால் வளவுக்குப் பின்னால் உள்ள இரண்டாம் கட்டுக்குள் உட்கார்ந்திருந்தோம். ராத்திரிக்கு வேண்டிய அரிசியை அப்போதே அளந்து தனியாக எடுத்து வைத்துக்கொண்டிருந்தார் ஆச்சி. ஓரமெல்லாம் பெயர்ந்துபோன ஓர் எனாமல் குவளை. படி, உழக்கு எல்லாம் பக்கத்திலேயே இருக்க, எதற்கு இதில் அளக்கிறார் என்று சும்மா கேட்டேன்.

"இதுவா? இது அப்பச்சி பர்மாவுல இருந்து நடந்து வந்தப்ப கையில கொண்டாந்தது. பொறப்படுறப்ப பொட்டி இருந்துச்சாம், படுக்கை இருந்துச்சாம், வழியில ஒண்ணொண்ணாப் போட்டுட்டு வந்தாகளாம். தண்ணி மோந்து குடிக்க ஒண்ணு வேணுமில்ல, அதுனால இதை மட்டும் விடலை."

அப்பச்சி என்றால் இந்தப் பக்கத்தில் அப்பா. 1942-இல் ஜப்பான் படை ரங்கூனைப் பிடித்தபோது கப்பல் கிடைக்காமல் காடும் மலையுமாக நடந்து ஊர் திரும்பியவர்களைப் பற்றிப் படித்திருக்கிறேன். படித்தது எதுவும் அந்தக் குவளை மாதிரி என்னைத் தொடவில்லை. நான் எழுந்து வண்டிக்கு ஓடி, பையைத் திறந்து கேமராவை எடுத்துக்கொண்டு திரும்பி வருவதற்குள் ஆச்சி அரிசிப் பானையை மூடிவிட்டு இலை போட்டுக்கொண்டிருந்தார். ஒரு வாரம் கழித்து மறுபடி போய், நாற்காலி போட்டு, அதே கதையைச் சொல்லச் சொன்னேன். "அதான் அன்னைக்கே சொன்னேனே தம்பி" என்றார். பிறகு எனக்காக இரண்டு வரி சொன்னார், ஒப்பிக்கிற மாதிரி.

அதற்கப்புறம் நான் யாரிடமும் 'வரலாறு' கேட்பதில்லை. வரலாறு என்ற சொல்லைக் கேட்டதும் மனிதர்கள் நிமிர்ந்து உட்கார்ந்து, பிறர் சொல்லித் தாம் கேட்டதைச் சொல்லத் தொடங்கிவிடுகிறார்கள். ஒரு பொருளைக் கையில் எடுத்தால் தாம் பார்த்ததைச் சொல்கிறார்கள். இந்த ஒரு வித்தியாசத்துக்காகத்தான் திட்டம், ஒலி, வெளிச்சம் என்று மற்ற எல்லாவற்றையும் நான் இப்போது மாற்றி வைத்திருக்கிறேன். பேட்டி வைத்து வீடியோ எடுக்க நினைப்பவர்களுக்கு, அதிலும் பெரிய கருவிகள் இல்லாமல் இரண்டு மூன்று பேராகப் போகிறவர்களுக்கு, இது உதவும் என்று நினைக்கிறேன்.

முதலில் திட்டம். 'செட்டிநாட்டு வீடுகள்' என்று ஒரு தாளில் எழுதிவைத்துக்கொண்டு அலைந்தபோது எதை எடுப்பது, எதை விடுவது என்றே தெரியவில்லை, எங்கே பார்த்தாலும் அழகாக இருந்தது, எல்லாவற்றையும் எடுத்துத் தள்ளினோம். அதை ஒரு கேள்வியாக மாற்றிய பிறகுதான் வேலை நடந்தது: வருஷத்தில் முக்கால்வாசி நாள் பூட்டிக் கிடக்கிற ஒரு வீட்டை வாரம் ஒருமுறை திறந்து பெருக்கி விளக்கேற்றுகிறவர் யார்? இப்படிக் கேட்டதுமே யாரைப் பார்க்க வேண்டும் என்பது தானாக வந்துவிட்டது. வீட்டைப் பார்த்துக்கொள்கிற அம்மா, வெளியூரிலிருந்து சம்பளம் அனுப்புகிற பங்காளி, ஒழுகும்போதெல்லாம் கூப்பிடப்படுகிற கொத்தனார். ஒரு தாளை நடுவில் மடித்து ஒரு பக்கம் ஆட்கள், மறுபக்கம் அவர்கள் கை என்ன செய்துகொண்டிருக்கும் என்று எழுதுவேன். அந்த அம்மாவுக்கு நேராக 'சாவிக்கொத்து, துடைப்பம், வௌவால் எச்சம்' என்று எழுதியிருந்தேன். கடைசியில் அந்த வீடியோவே சாவிக்கொத்திலிருந்துதான் தொடங்கியது. எந்தச் சாவி எந்தக் கதவுக்கு என்று அவர் விரலால் தடவியே சொல்வார், அதற்கு எந்தக் கேள்வியும் தேவைப்படவில்லை.

அனுமதி விஷயத்தில் நான் பட்டதை விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வெளியூரிலிருந்து இங்கே வந்து படம் எடுக்கிறவர்களுக்கு இது தெரிய வாய்ப்பில்லை. செட்டிநாட்டு வீடு ஒருவருடையதாக இருப்பது அபூர்வம். வளவைச் சுற்றியுள்ள அறைகள் ஆளுக்கொன்றாகப் பிரிந்திருக்கும், நடு வளவும் முகப்பும் எல்லோருக்கும் பொது. ஒரு வீட்டில் ஊரிலேயே இருந்த ஒரு பங்காளியிடம் கேட்டுவிட்டு உள்ளே போனோம், காலை ஆறு மணிக்கு எல்லாம் தயார், பதினோரு மணிக்கு வெளிநாட்டிலிருந்து இன்னொரு பங்காளி தொலைபேசியில் வந்தார், "யாரைக் கேட்டு எடுக்கிறீங்க?" என்று. அவர் கேட்டதில் தவறே இல்லை. பாதியில் நிறுத்திவிட்டு வந்தோம், எடுத்ததையும் பயன்படுத்தவில்லை. இப்போது வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் நேரில் பேசிவிட்டு, யார் நாங்கள், எதற்கு எடுக்கிறோம், எங்கே போடுவோம் என்று ஒரு நிமிடக் குரல் பதிவாகப் பேசிக் கொடுத்து, அவர்களுடைய வாட்ஸ்அப் குழுவில் அவரையே போடச் சொல்கிறேன். ஒரு வாரம் காத்திருப்பேன். யாராவது ஒருவர் வேண்டாம் என்றால் அந்த வீடு இல்லை, அவ்வளவுதான்.

அச்சடித்த ஒப்புதல் படிவமும் இங்கே சரிவராது. சொத்துப் பிரிவினை பார்த்துப் பழகிய ஊர்கள், ஒரு தாளை நீட்டிக் கையெழுத்துக் கேட்டாலே பெரியவர்கள் முகம் மாறிவிடும். நான் படிவத்தில் இருப்பதை வாயால் சொல்லி, கேமரா ஓடும்போதே அவர்கள் பதிலையும் பதிவு செய்துகொள்கிறேன்: என்ன எடுக்கிறோம், யார் பார்ப்பார்கள், வெளியிடும்வரை எந்த நேரத்திலும் 'இது வேண்டாம்' என்று சொல்லலாம். இன்னொன்று, கேமரா நின்றுவிட்டது என்று நம்பி அவர்கள் சொன்ன எதையும் திரும்பக் கேட்காமல் சேர்க்க மாட்டேன். குவளைக் கதை அப்படி வந்ததுதான், அதனால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

பணம் கொடுக்கலாமா என்று பலரும் கேட்கிறார்கள். கதைக்கு விலை கொடுக்கக் கூடாது, கொடுத்தால் கதை நீளும். ஆனால் கூலி வேலை செய்கிறவரை அரை நாள் உட்காரவைத்துவிட்டுக் கும்பிடு போட்டு வருவது சரியே இல்லை. அவருடைய அன்றைய கூலியை முழுதாகக் கொடுத்துவிட வேண்டும், பேட்டி தொடங்குமுன்பே, பேட்டி நன்றாக வந்தாலும் வராவிட்டாலும்.

நாள் பார்ப்பது அடுத்தது. பொங்கலுக்கும் முன்னோர்களுக்குச் செய்கிற படைப்புக்கும் கல்யாணத்துக்கும் வீடுகள் திறக்கும், குடும்பமே வந்து இறங்கும், எடுத்துவிடலாம் என்று ஆசையாக இருக்கும். அந்த நாட்களில் யாருக்கும் உட்கார்ந்து பேச நேரம் இருக்காது, நாமும் இடைஞ்சலாக நிற்போம். விசேஷத்தை ஓரமாக நின்று எடுத்துக்கொண்டு, பேட்டியை இரண்டு நாள் கழித்து வைத்துக்கொள்வது நல்லது, பாத்திரங்களைக் கழுவி அடுக்கிக்கொண்டிருக்கும்போது பேச்சு அருமையாக வரும். ஆடி மாதம் முழுக்க ஏதாவது ஒரு கோயிலில் ஒலிபெருக்கி இருக்கும். அக்கினி நட்சத்திரத்தில் வயதானவர்களை விளக்குக்கு முன்னால் உட்காரவைக்கவே கூடாது.

ஒலியைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், படம் கொஞ்சம் மோசமாக இருந்தாலும் பார்ப்பார்கள், குரல் புரியவில்லை என்றால் ஒரு நிமிடத்தில் போய்விடுவார்கள். இங்குள்ள வீடுகள் கண்ணுக்கு எவ்வளவு அழகோ மைக்குக்கு அவ்வளவு கஷ்டம். பளிங்கு மாதிரி இழைத்த சுண்ணாம்புச் சுவர், ஆத்தங்குடிக் கல் தரை, உயரமான கூரை, சாமான் இல்லாத பெரிய கூடம். எதுவும் ஒலியை உறிஞ்சாது, எல்லாம் திருப்பி அடிக்கும். எந்த அறைக்குள் நுழைந்தாலும் முதலில் ஒரு கைதட்டு, பின்னால் 'ங்ங்' என்று வால் வந்தால் அங்கே உட்காரவேண்டாம். முதல் நாள் ஆச்சியைத் தூண்களுக்கு முன்னால் உட்காரவைத்தது படத்துக்காக. அந்த ஒன்றரை மணி நேரமும் கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிற மாதிரிதான் பதிவாகியிருந்தது. இப்போது மெத்தை, ஜமுக்காளம், துணி மூட்டை இருக்கிற சின்ன அறையைத் தேடுகிறேன். கூடத்தில்தான் எடுக்க வேண்டும் என்றால் கேமராவுக்குத் தெரியாத பக்கமெல்லாம் ஜமுக்காளம் விரித்து, எதிர்ச் சுவரில் இரண்டு மெத்தைகளைச் சாய்த்து வைப்பேன். கல்யாணத்துக்கென்று வாங்கிய ஜமுக்காளங்கள் அநேகமாக எல்லா வீட்டிலும் இருக்கும், கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள்.

மின்விசிறியை அணைத்தே ஆக வேண்டும். ஆனால் காற்றில்லாமல் 86 வயதுக்காரரை எவ்வளவு நேரம் வைத்திருப்பீர்கள்? 15 நிமிடம் பேச்சு, 10 நிமிடம் விசிறி. அந்தப் பத்து நிமிடத்திலும் ரெக்கார்டர் ஓடட்டும் என்று அவர்களிடம் சொல்லியே வைத்துவிடுவேன். ஃபிரிட்ஜை அணைத்தால் திரும்பப் போட மறந்துவிடுவோம், பால் கெட்டுவிடும். அதற்கு ஒரே வழி வண்டிச் சாவியை ஃபிரிட்ஜுக்குள் வைப்பது, சாவி எடுக்காமல் வீட்டுக்குப் போக முடியாதே. மயில் அகவலுக்கு வழியே கிடையாது, நிறுத்திவிட்டு, முடிந்ததும் அந்த வாக்கியத்தை மட்டும் திரும்பச் சொல்லச் சொல்லலாம். கிளம்புமுன் யாரும் பேசாமல் அந்த அறையின் சும்மா ஒலியை ஒரு நிமிடம் பதிவு செய்யுங்கள், எடிட்டிங்கில் வெட்டிய இடங்களை நிரப்ப அது வேண்டும்.

காலர் மைக்கைச் சேலையில் எங்கே மாட்டுவது என்பது ஆண்கள் மட்டும் போகிற குழுவுக்கு நிஜமான சிக்கல். எங்கள் குழுவில் இப்போது ஒரு பெண் கட்டாயம் இருக்கிறார். அவர் இல்லாத நாளில் வீட்டுப் பெண்களிடம் கொடுத்து மாட்டச் சொல்வேன். கஞ்சி போட்ட புதுக் கண்டாங்கிச் சேலை என்றால் ஒவ்வோர் அசைவுக்கும் சரசரக்கும், பேட்டிக்கென்றே ஆச்சிகள் அதைத்தான் எடுத்துக் கட்டுவார்கள், மாற்றச் சொல்ல மனம் வராது. அதனால் முந்தின நாளே "தொவைச்ச பழைய சேலை கட்டுங்க ஆச்சி, அதுதான் படத்துல நல்லா இருக்கும்" என்று சொல்லிவிடுகிறேன். உண்மையிலேயே நன்றாக இருக்கும். கழுத்துச் சங்கிலி மைக்கில் இடிக்கிறதா என்று ஹெட்போன் போட்டுக் கேளுங்கள். பேட்டி முழுக்க ஒருவர் காதில் ஹெட்போன் இருக்க வேண்டும், வேறு எந்த வேலையும் அவருக்கு வேண்டாம்.

வெளிச்சத்துக்கு விளக்கு தூக்கிக்கொண்டு போகவே தேவையில்லை. வளவின் நடுவில் வானம் திறந்திருக்கிறது, காலை எட்டிலிருந்து பத்து வரை, வெயில் நேராக முற்றத்தில் இறங்குமுன், சுற்றுத் தாழ்வாரத்தில் விழுகிற வெளிச்சம் அவ்வளவு மென்மையாக இருக்கும். ஆளை முற்றத்தைப் பார்த்தவாறு உட்காரவைத்தால் போதும். ஒரே ஒரு கவனம்: சிவப்பு ஆத்தங்குடிக் கல் பதித்த தரை என்றால் அந்தச் சிவப்பு முகவாய்க்கட்டையில் ஏறும். கேமராவுக்குப் படாத இடத்தில் ஒரு வெள்ளை எட்டுமுழ வேட்டியை விரித்துப் போடுங்கள், சிவப்பும் போகும், கண்ணுக்குக் கீழே உள்ள நிழலும் போகும். டியூப் லைட்டோ எல்இடியோ எரிகிற அறை என்றால் ஷட்டரை 1/50-இலோ 1/100-இலோ வையுங்கள், நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதற்குப் பொருந்தாத வேகத்தில் படம் துடிக்கலாம். அவர் தரையில் உட்கார்ந்தால் கேமராவும் தரைக்கு வரட்டும், நானும் லென்ஸை ஒட்டியே தரையில் உட்காருவேன். வேறென்ன, கேமராவைப் பற்றி எனக்குச் சொல்ல இவ்வளவுதான் இருக்கிறது.

கேள்விக்கு வருகிறேன். முதல் நாள் போகும்போது கேமரா கொண்டுபோவதில்லை, கதையும் கேட்பதில்லை. எத்தனை மணிக்குச் சமையல், எப்போது தூக்கம், எந்தப் பக்கம் சத்தம், கண்ணில் படுகிற சாமான்கள் என்னென்ன, இவ்வளவுதான் பார்ப்பேன். அவர்களே உற்சாகமாகத் தொடங்கிவிட்டால், "இதை அடுத்த தடவை முழுசாக் கேக்கணும் ஆச்சி, இப்பப் பாதியில விட்டுடுவேன்" என்று சொல்லி நிறுத்துவேன். நல்ல கதையை ஒருவர் முதல் முறை சொல்லும்போது அவரே அதைத் தேடிக்கொண்டு போகிறார். இரண்டாவது முறை அது அவருக்குத் தெரிந்த பாதை.

'அப்போ உங்களுக்கு எப்படி இருந்துச்சு?' என்ற கேள்வியை அடியோடு விட்டுவிட்டேன். "கஷ்டமாத்தான் இருந்துச்சு" என்பதைத் தவிர வேறு பதில் கிடைத்ததே இல்லை. எங்கே நின்றீர்கள், பக்கத்தில் யார், கையில் என்ன இருந்தது, அன்றைக்கு என்ன சமையல், இப்படிக் கேட்டால் மனது தானாக வெளியே வரும். பதில் முடிந்ததும் அடுத்த கேள்விக்குத் தாவாமல் மனதுக்குள் ஐந்து வரை எண்ணுவேன். ஆரம்பத்தில் அந்த மௌனம் தாங்காமல் நானே பேசி எத்தனையோ இடத்தைக் கெடுத்திருக்கிறேன். மூன்று எண்ணும்போது அவர்கள் வேட்டியைச் சரிசெய்வார்கள், வெளியே பார்ப்பார்கள், ஐந்தில் தொடங்குவார்கள், அதுதான் பெரும்பாலும் வீடியோவில் இடம்பெறுகிறது. 'ம்ம்', 'ஆமாங்க' என்று குரல் கொடுக்காமல் தலையை மட்டும் ஆட்டப் பழக வேண்டும். தமிழில் கதை கேட்கும்போது 'ம்' கொட்டாமல் இருப்பது மரியாதைக் குறைவு மாதிரி தோன்றும், அதனால் தொடங்குமுன்பே "நான் தலையை மட்டும்தான் ஆட்டுவேன், கேட்டுக்கிட்டுத்தான் இருப்பேன்" என்று சொல்லிவிடுகிறேன்.

நம் பேச்சில் இன்னொரு சிக்கல் இருக்கிறது, எடிட்டிங்குக்கு உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது. நாம் பேசும்போது யார் என்பதைச் சொல்லுவதே இல்லை. "வந்தாக, திண்ணையில உக்காந்தாக, ஒண்ணும் பேசலை, எந்திரிச்சுப் போயிட்டாக." எதிரில் இருந்த எனக்குத் தெரியும், பார்க்கிறவருக்கு வந்தது அப்பச்சியா, கணக்கப்பிள்ளையா, கடன் கேட்டு வந்தவரா என்று எப்படித் தெரியும்? கேள்வியையும் சேர்த்துப் பதில் சொல்லுங்கள் என்று கேட்டுப் பார்த்தேன், பெரியவர்களுக்கு அது பள்ளிக்கூடம் மாதிரி ஆகிவிடுகிறது, பேச்சு செத்துவிடும். இப்போது குறுக்கிடாமல் கேட்டு, ஒரு தாளில் குறித்துக்கொண்டு, கடைசியில் "திண்ணையில உக்காந்தாகன்னு சொன்னீங்களே, யாரு ஆச்சி அது?" என்று கேட்பேன். "அதுவா, எங்க ஐயா, ஆத்தாவோட அப்பச்சி" என்று ஒரு வரி வரும், அதை எடுத்து முன்னால் ஒட்டிக்கொள்ளலாம். அப்பச்சி, ஆயா, அப்பத்தா என்ற சொற்களைச் சப்டைட்டிலில் அப்படியே விடுகிறேன். 'தந்தை' என்று மாற்றிப் போட்டால் யாரோ வேறு ஒருவர் ஆகிவிடுகிறார்.

கைவேலை செய்கிறவர்களிடம் இந்த முறையும் பலிக்கவில்லை. ஆத்தங்குடியில் கல் செய்கிற ஓர் அண்ணனை எடுத்தோம். கண்ணாடித் தகட்டின் மேல் சட்டம் வைத்து, பூ அச்சை இறக்கி, அச்சுக்குள் இருக்கிற ஒவ்வோர் அறைக்கும் ஒரு நிறமாகச் சிமெண்டுக் குழம்பை ஊற்றி, அச்சைத் தூக்கி, மேலே உலர்ந்த மணலும் சிமெண்டும் தூவி, பிறகு ஈரக் கலவை போட்டு அழுத்துகிற வேலை. சூளையே கிடையாது, தண்ணீரில் ஊறித்தான் கெட்டிப்படும், கண்ணாடியை ஒட்டி இருந்த முகம் தானாகவே பளபளப்பாக வரும். குழம்பு ஊற்றுகிற நேரம் அவர் நிமிர்ந்து பேசினால் கல் போய்விடும். வேலை முடிந்து பேசச் சொன்னால், கை சும்மா இருக்கும்போது அவருக்குப் பேச்சே வரவில்லை. "என்னத்தச் சொல்றது, ஊத்துறோம், எடுக்குறோம்" என்றார்.

ஒரு நாள் முழுக்க ஒன்றும் கேட்காமல் கையை மட்டும் எடுத்தேன். மறுநாள் சாயங்காலம் அதை மடிக்கணினியில் போட்டு அவரிடம் காட்டி, மைக்கை மாட்டிவிட்டேன். அவர் தன் கையைத் தானே வெளியிலிருந்து பார்த்தது அதுதான் முதல் தடவையாம். "இங்க பாருங்க, இடது கட்டை விரலு ஏன் அங்க நிக்குது தெரியுமா? அச்சைத் தூக்கறப்ப ஒரு பக்கமாத் தூக்குனா நெறம் ஒண்ணோட ஒண்ணு ஓடிரும்" என்று தொடங்கி ஒரு மணி நேரம் நிறுத்தவில்லை. யாரிடம் கற்றார், எந்த நிறம் அவருக்கே பிடிக்கும், எந்தக் கல்லை உடைத்துப் போட்டார், எல்லாம் வந்தது. அந்தக் குரலைக் கைகளின் மேல் வைத்தேன், அவர் முகம் அந்த வீடியோவில் நான்கே இடத்தில்தான் வருகிறது. தச்சர், நெசவாளர், பனையோலைக் கொட்டான் முடைகிறவர் என்று யாரை எடுத்தாலும் இப்படிச் செய்து பாருங்கள்.

பழைய படங்கள், கடிதங்கள் கிடைத்தால் வாங்கிக்கொண்டு போகாதீர்கள், எவ்வளவு நம்பிக் கொடுத்தாலும். அந்த வீட்டு ஜன்னலோரத்திலேயே தட்டையாக வைத்து, நேர் மேலிருந்து எடுத்துக்கொண்டு, அவர்கள் கண் முன்னாலேயே பெட்டியில் வைத்து மூடிவிட வேண்டும். பின்பக்கத்தையும் எடுங்கள், தேதியும் ஊரும் அங்கேதான் எழுதியிருக்கும். காரைக்குடியை ஒட்டியிருக்கிற கோட்டையூர் இந்த விஷயத்தில் எனக்குத் தெம்பு தருகிற ஊர். மற்றவர்கள் எடுத்துவைத்திருந்த படச்சுருளை உலகமெல்லாம் தேடிப்போய் 50,000 அடி அளவுக்குச் சேர்த்து, 1940-இல் காந்தியைப் பற்றி ஆவணப்படம் வெளியிட்ட ஏ.கே. செட்டியார் அந்த ஊர்க்காரர். புத்தகங்களோடு அழைப்பிதழ், நாடக நோட்டீஸ் என்று பிறர் தூக்கிப் போடுவதையும் சேர்த்துவைத்த ரோஜா முத்தையாவும் கோட்டையூர்தான், அந்தச் சேகரிப்புதான் இன்று சென்னையில் அவர் பெயரில் இருக்கிற ஆராய்ச்சி நூலகம். ஒரு கல்யாண அழைப்பிதழ் கிடைத்தாலும் நான் இப்போது விடுவதில்லை. அதில் இருக்கும் விலாசங்களை வைத்தே யார் எந்த ஊரில் கடை வைத்திருந்தார்கள் என்று தெரிந்துவிடும்.

எடுத்து வந்த அன்றைக்கே இரண்டு ஹார்டு டிஸ்கில் ஏற்றி, ஒன்றை வேறு வீட்டில் வைத்துவிடுகிறேன். ஒரு கொத்தனாரின் முழுப் பேட்டியும் இருந்த மெமரி கார்டு திறக்காமலே போன பிறகு வந்த பழக்கம் இது. அவரிடம் மறுபடி போகலாம் என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே அவர் தவறிவிட்டார். சுண்ணாம்பை எத்தனை நாள் புளிக்கவைக்க வேண்டும், கடுக்காய்த் தண்ணீரை எந்தப் பக்குவத்தில் சேர்க்க வேண்டும் என்று அவர் சொன்னது எனக்குப் பாதிதான் நினைவிருக்கிறது. தயவுசெய்து இரண்டு பிரதி வையுங்கள். அப்புறம், பேட்டி முழுவதையும் தாளில் எழுதுங்கள். ஒரு மணி நேரப் பேச்சுக்கு எனக்கு ஐந்து மணி நேரம் ஆகிறது, அலுப்பான வேலை, ஆனால் வெட்ட வேண்டியதைத் தாளில் வெட்டிவிட்டுக் கணினிக்குப் போனால் பாதி நாள் மிச்சமாகும். எழுதும்போதுதான் அவர்கள் சொன்னது எனக்கு முழுதாகக் கேட்கிறது.

ஆச்சியிடம் மூன்றாம் முறை போனது ஒன்பது மாதம் கழித்து. குவளைக் கதையைக் கேட்கப்போவதில்லை என்று முடிவு செய்துகொண்டு, "நீங்க அரிசி அளக்கிறதை மட்டும் எடுத்துக்கட்டுமா ஆச்சி?" என்று அனுமதி வாங்கினேன். இரண்டாம் கட்டில், நாற்காலி இல்லை, விளக்கு இல்லை, கொல்லைப்பக்கக் கதவிலிருந்து வந்த வெளிச்சம் மட்டும். அவர் அளந்து கொட்டினார். ஒன்று, இரண்டு, மூன்று. நான் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன், "இதுல வேற யாரெல்லாம் தண்ணி குடிப்பாங்க ஆச்சி?"

கை அப்படியே நின்றது. நான் எண்ணினேன், ஐந்தைத் தாண்டி எங்கேயோ போய்விட்டது.

"யாரும் குடிக்க மாட்டோம். ஆத்தா குடிக்க விடமாட்டாக. அப்பச்சியும் அதுல குடிச்சு நான் பாத்ததில்ல. வீட்டுக்கு வந்த பெறகு ஒரு நா கூட குடிக்கல. வழியில எத்தனை பேருக்கு அதுல மோந்து ஊத்துனாகளோ, யாருக்கு ஊத்த முடியாமப் போச்சோ. தூக்கிப் போடவும் மனசு வரல. ஆத்தாதான் சொன்னாக, அரிசி அளக்கலாம், சோத்துக்குன்னா தோஷமில்லன்னு."

பிறகு நான்காவது குவளையை அளந்து கொட்டிவிட்டு, அரிசியில் கல் கிடந்ததைப் பொறுக்கத் தொடங்கினார். நானும் அதையே எடுத்துக்கொண்டிருந்தேன்.

வீடியோ 19 நிமிடம் வந்தது. வெளியிடுமுன் கொண்டுபோய் வளவில் உட்கார்ந்து ஆச்சிக்கும் வீட்டைப் பார்த்துக்கொள்கிற அம்மாவுக்கும் போட்டுக் காட்டினேன். ஓர் இடத்தில் உறவுக்காரர் ஒருவரின் கடனைப் பற்றி ஆச்சி சொன்னது இருந்தது, "அது வேண்டாம்ப்பா, அவுக பிள்ளைக பாக்கும்" என்றார், அங்கேயே வெட்டினேன். குவளை வரும் இடத்தில் இன்னொரு தரம் போடச் சொன்னார். பார்த்துவிட்டு, "இம்புட்டுப் பெருசாவா இருக்கு அது?" என்று கேட்டார். கிட்டத்தில் வைத்து எடுத்தது ஆச்சி, அதனால் அப்படித் தெரியுது என்றேன். எழுந்து உள்ளே போய்க் குவளையை எடுத்து வந்து, திரைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். சிங்கப்பூரில் இருக்கும் பேத்திக்கு அனுப்ப வேண்டும் என்று ஒரு பிரதி கேட்டார். பென் டிரைவில் போட்டு, அது தொலையாமல் இருக்க ஒரு சின்னப் பையில் முடிந்து கொடுத்தேன். அவர் அதை அரிசிப் பானைக்குப் பக்கத்து மாடத்தில், குவளைக்குள் போட்டு வைத்தார்.